ஒரு தாடையும் முப்பத்தேழு யோசனைகளும்

எதற்கும் "இன்னொருத்தரையும் ஒரு வார்த்தை கேட்டுடலாமே" என்று சொல்கிற ஓர் இனம் உலகத்தில் உண்டு. படித்தவர், படிக்காதவர் என்ற பேதமெல்லாம் இதற்குக் கிடையாது. செருப்புக் கடையில், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாத மனிதரிடம் காலை நீட்டி, "கறுப்பா, பழுப்பா, எது எடுப்பா இருக்கு?" என்று கேட்கும். அவர் பதில் சொல்லிவிட்டால், அவரை நம்பலாமா என்று அடுத்தவரிடம் கேட்கும். இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரியைத் தேடி நான் அலையவில்லை. என் அக்காவைக் கட்டிக்கொண்டு அதுவே வீட்டுக்கு வந்தது.

அத்தானுக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. பதினோரு மாடிக் கட்டடத்தின் உச்சியில் நின்று, எந்தக் கம்பிவடத்தை மாற்றுவது, எதை விட்டுவைப்பது என்று அரை நிமிடத்தில் முடிவெடுப்பார். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் அலறினாலும் அசரமாட்டார். தன் தாடை விஷயம் வந்ததும் ஆள் ஆடிப்போய்விட்டார்.

அவர் வாயை மூடினால் கடைவாய்ப் பற்கள் மட்டும்தான் சேரும். மேல் முன்பற்களுக்கும் கீழ் முன்பற்களுக்கும் நடுவே ஒரு ஜன்னல் திறந்தே கிடக்கும். ஆப்பிளைக் கடித்தால் தோலில் கீறல்கூட விழாது. எல்லாவற்றையும் கடைவாயிலேயே அரைத்து அரைத்து, காதோரம் வலி பிடித்துக்கொண்டது. நாற்பத்தொரு வயதில் வலி பொறுக்க முடியாமல் ஒரு கட்டடத்தின் நான்காம் மாடிக்குப் போனார். அங்கே இருந்தவர் அறுவை மருத்துவர்.

"மேல்தாடை எலும்பை வெட்டி, கொஞ்சம் ஏத்தி வெச்சு, தகடு போட்டுடலாம். ரொம்ப வருஷமா செய்யற முறைதான். கொஞ்ச வாரத்துக்குக் குடிக்கத்தான் முடியும்."

அதே கட்டடத்தின் இரண்டாம் மாடியில் பல்சீரமைப்பு மருத்துவர். அந்த அம்மாள் வேறு வழி சொன்னார்.

"மரத்துப்போக ஒரு ஊசி போட்டு, எலும்புல சின்னச் சின்னத் திருகாணி வெச்சு, கடைவாய்ப் பல்லைக் கொஞ்சம் கொஞ்சமா உள்ளே அமுக்கினா முன்பல் தானா சேரும். கொஞ்சம் புது முறை. ரெண்டு வருஷம் பொறுமை வேணும். உங்க தாடைக்கு ரெண்டுமே ஒத்துவரும்."

ரெண்டுமே ஒத்துவரும்! இந்த இனத்திடம் இதைவிடக் கொடூரமான வார்த்தையைச் சொல்ல முடியுமா?

அன்றிலிருந்து அத்தான் எக்ஸ்ரே உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே திரிந்தார். தபால்காரர் வெளிச்சத்தில் அதைத் தூக்கிப் பார்த்து "வெட்டிடுங்க" என்றார். கூட வேலை செய்பவர், "திருகாணியா? லூஸாயிடும். நம்ம தொழில்ல பாக்கலையா?" என்றார். மீட்டர் பார்க்க வந்தவர் மீட்டரைப் பார்க்காமல் தாடையைப் பார்த்துவிட்டுப் போனார். மொத்தம் முப்பத்தேழு பேர். பதினெட்டுப் பேர் கத்தி, பதினெட்டுப் பேர் திருகாணி. சமநிலையை முறிக்கவேண்டிய முடிதிருத்துபவர், "எல்லாப் பல்லையும் புடுங்கிடுங்க சார், நிம்மதி" என்றார்.

ஒருநாள் அதே கட்டடத்தின் லிஃப்ட் நின்றுவிட்டது. அத்தான்தான் போனார். கதவை ஒரு சாண் நெம்பியதும் உள்ளே தெரிந்தவர்கள், அந்த இரண்டு மருத்துவர்கள்! விடுவாரா?

"சார், மேடம், ரெண்டு பேரும் சேர்ந்தே இருக்கீங்க, என் தாடை விஷயமா ஒரு வார்த்தை..."

"முதல்ல எங்களை வெளிய எடுங்கய்யா!"

"அது ரெண்டு நிமிஷ வேலை மேடம். தாடை ஆயுசுக்கும் வேணுமே."

அறுவை மருத்துவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "ரெண்டுல எது வேணும்னு உங்களுக்குத் தோணுது?"

அத்தான் நெம்புகோலைக் கீழே வைத்துவிட்டுத் தாடையைத் தடவினார்.

"வீட்ல கேட்டுச் சொல்றேன் சார்."

இதை அவரே சாப்பாட்டு மேஜையில் சொல்ல, நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

"நான் சாப்பிட்டு, பாத்திரமெல்லாம் கழுவிட்டு வந்தாலும் நீங்க பாதித் தட்டோட கன்னத்தைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க. பதினாறு வருஷமா பாக்கறேன். ஊரைக் கேட்டது போதும். உங்களுக்கு எதுக்குங்க பயம்?"

அத்தான் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"மயக்கம் குடுத்தா... முழிச்சுக்காமலே போயிடுவேனோன்னு."

யாரையும் கேட்காமல் அவர் சொன்ன முதல் பதில் அதுதான்.

"அப்போ திருகாணி."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

இருபத்திரண்டு மாதம் ஆனது. திருகாணி எதுவும் லூஸாகவில்லை. திருகாணியையும் பல்லில் மாட்டியிருந்த கம்பியையும் கழற்றிய அன்று அடுப்படியில் நின்றபடியே ஒரு ஆப்பிளை நறுக்கென்று கடித்தார். அந்தச் சத்தம் கேட்டதும் அக்கா குழாயைத் திறந்து, கழுவி வைத்த பாத்திரத்தையே மறுபடி கழுவ ஆரம்பித்தாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கவிடவில்லை.

நீங்கள் இந்த இனம் இல்லை. நிச்சயமாக இல்லை. ஆனால் இந்த நிமிடமே பக்கத்தில் இருப்பவரிடம் திரும்பி, "ஏங்க, நான் அப்படியா?" என்று கேட்கத் தோன்றுகிறதே, அதை மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள்.

கேட்டுவிட்டீர்களா? போச்சு.