பனிச்சாரல் டொட் கொம்

நம்மிடையே பெயர்சூட்டிகள் என்று ஓர் இனம் நடமாடுகிறது. பிள்ளைக்குப் பெயர் வைக்கும் பெற்றோரையோ, எழுத்துப் பார்த்துச் சொல்லும் சாத்திரியாரையோ நான் சொல்லவில்லை. ஒரு பெயரைச் சொல்லிவிட்டு அதை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போகத் தெரியாதவர்களைச் சொல்கிறேன். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைக் காட்டி, "இவன் பேரு நான் சொன்னதுதாங்க, ஆஸ்பத்திரி வாசல்ல வச்சு" என்பார்கள். கடைத்தெருவில் புதிய பெயர்ப்பலகையை நிமிர்ந்து பார்த்து, "மொதல்ல என்கிட்டதான் கேட்டாங்க" என்பார்கள். பக்கத்து வீட்டு நாய் கூப்பிட்டதும் ஓடி வந்தால் அதற்கும் தாங்களே காரணம் என்பதுபோல் மெல்லச் சிரிப்பார்கள். நீங்களும் நானும் என்ன செய்கிறோம்? தலையை ஆட்டுகிறோம். ஒரு தலையாட்டலில் என்ன போய்விடும் என்று நினைக்கிறோம்.

நிறையப் போய்விடும். இலங்கை மலையகத்தில், றொசல்லப் பக்கம் ஒரு கிரிக்கெட் போட்டியின் பெயரே போயிற்று.

அங்கே அந்த இனத்து மாதிரி உருப்படியின் பெயர் பழனியாண்டி. ரயில் நிலையத்துக்கு மேலே, வெளிநாட்டு அழைப்புகள் வரும் கொமினிகேஷன் கடை வைத்திருந்தார். அகலமான மீசை. மழைக்கு ஒதுங்கும் நாய்க்கும் பிஸ்கட் போடும் மனம். கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. அதுதான் பின்னால் பெரிய தொல்லையாகப் போயிற்று.

சுற்றுவட்டாரத் தேயிலைத் தோட்டங்களுக்கிடையே ஆண்டுதோறும் ஒரு மென்பந்துச் சுற்றுப்போட்டி நடக்கும். பேர் பனிச்சாரல் கிண்ணம். ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலைக்குப் பின்னாலுள்ள மைதானத்தில் ஆட்டம். பந்து தேயிலைக்குள் விழுந்தால் இரண்டு அணியும் சேர்ந்து தேடும். கிடைக்கும்வரை ஒலிபெருக்கியில் பாட்டு. தொண்ணூறுகளின் நடுவில் முதல் கூட்டம் கூடியபோது, யாரோ "சாரல் அடிக்குது, கதவச் சாத்துங்கப்பா" என்றார்களாம். பழனியாண்டி, "பனியும்தான்" என்றாராம். இரண்டையும் சேர்த்து ஒட்டியது யார் என்று எவருக்கும் நினைவில்லை. பழனியாண்டிக்கு மட்டும் நல்ல நினைவு.

இரண்டாயிரத்து மூன்றில் ஹட்டனில் கணினி வகுப்பு நடத்திய நிலக்ஷி, போட்டிக்கு ஓர் இணையத்தளம் செய்து கொடுத்தாள். இலவசமாகக் கிடைத்த இடம், லயத்து வீட்டு வரிசையில் பாதி நீளத்துக்கு முகவரி. ஆனாலும் என்ன? ஓட்டங்களும் படங்களும் அதில் ஏறின. கொழும்புக் கடைகளில் வேலை பார்த்த நம் பிள்ளைகள் பார்த்தார்கள். குவைத்தில் வீட்டு வேலை செய்த நாகலெட்சுமி, எஜமானியின் மகள் கணினியைக் கொடுக்கும் வெள்ளிக்கிழமைகளில் பார்த்தாள். அவள் மகன் மதுரன் எங்கள் அணியின் தொடக்க ஆட்டக்காரன். அவள் விமானம் ஏறும்போது அவனுக்கு மீசை முளைத்திருக்கவில்லை.

போட்டியை நடத்தும் கழகத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிலக்ஷி சொன்னாள்: "அடுத்த மாசம் நம்ம பேர்லயே சின்னதா ஒரு முகவரி எடுத்துடலாம். பனிச்சாரல் டொட் கொம். யாரு மொதல்ல பதியிறாங்களோ அவங்களுக்குத்தான் கெடைக்கும்."

சொல்லியிருக்கக் கூடாது. ஒரு பெயர்சூட்டியின் முன்னால் சொல்லவே கூடாது. கூட்டத்தில் தேநீர் கொடுக்கும் முன்பே பழனியாண்டியைக் காணவில்லை. கொழும்பிலிருந்த மைத்துனரின் கடனட்டையால் பனிச்சாரல் டொட் கொம் அன்றைக்கே பதிவாயிற்று. கழகத்தின் பெயரில் அல்ல.

அத்தோடு நின்றாரா? இலவச இடம் கொடுத்திருந்தவர்களுக்கு, தம் பெயரை யாரோ அனுமதியில்லாமல் பயன்படுத்துவதாக முறைப்பாடு அனுப்பினார். அவர்கள் ஒரு கேள்வியும் கேட்காமல் எங்கள் தளத்தை எடுத்துவிட்டார்கள். புதிய தளம் திறந்தது. உள்ளே பழனியாண்டி. கோட்டுப் போட்ட பழனியாண்டி. கீழே, "பனிச்சாரல் என்ற நாமத்தின் தந்தை." அதற்கும் கீழே வருகையாளரை எண்ணும் பெட்டி. கடையில் ஆள் இல்லாதபோதெல்லாம் அவரே திறந்து திறந்து பார்த்ததில் அந்த எண் மளமளவென்று ஏறியது.

கழகத் தலைவர் அழகுமுத்து நேரில் போய்க் கேட்டார்.

"என்னாங்க இது? போட்டி நம்ம எல்லாருதும் இல்லியா?"

"போட்டி ஒங்களுது அண்ணே. நடத்துங்க. யாரு வேணாங்குறா? பேரு மட்டும் என்னுது."

"பேரில்லாம எப்படிங்க நடத்துறது?"

"நான் அனுமதி தர்றேனே! பேனர்ல எம்படம் போடுங்க. மைக்குல ஒவ்வொரு தடவ பேரச் சொல்றப்பவும் 'பழனியாண்டி வழங்கும்'னு ஒரு வார்த்த சேத்துக்குங்க. வேற ஒண்ணும் வேணாம்."

ஓவருக்கு ஓவர் பழனியாண்டி. பந்து தேயிலைக்குள் போனாலும் பழனியாண்டி. அழகுமுத்து தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டார்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்கள் பாடசாலையில் படிப்பித்த நடராசா மாஸ்டர், நுவரெலியாவில் தமக்குத் தெரிந்த ஒரு சட்டத்தரணியிடம் விசாரித்து வந்தார். இந்த மாதிரித் தகராறுகளைத் தீர்க்க வெளிநாட்டில் நடுவர்கள் இருக்கிறார்களாம். உலகக் கிண்ணத்தின் பெயரையே இப்படிப் பதிந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் உண்டாம்.

"மூண்டு விசயம் காட்ட வேணுமாம்," என்றார் மாஸ்டர். "அந்தப் பேர் எங்கட எண்டு காட்ட வேணும். அந்தாளுக்கு அதில உரிமை இல்லையெண்டு காட்ட வேணும். கெட்ட எண்ணத்தோட பதிஞ்சவர் எண்டும் காட்ட வேணும்."

"கெட்ட எண்ணமா? பழனியாண்டிக்கா?" என்றார் அழகுமுத்து. "அதெப்படிங்க மாஸ்டர் நாக்கூசாம சொல்றது?"

"பின்னை என்ன எண்ணம்?"

"பெரும தாங்க. வெறும் பெரும."

"அதுக்குச் சட்டத்தில ஒண்டுமில்லை," என்றார் மாஸ்டர்.

போட்டி நெருங்கியது. பூண்டுலோயாவிலிருந்தெல்லாம் அணிகள் வருவதாகச் சொல்லியாயிற்று. பேனர் எழுதுபவர் என்ன எழுதட்டும் என்று கேட்டபடி இருந்தார். சில விளையாட்டுக்காரர்கள், பேசாமல் பழனியாண்டி படத்தைப் போட்டுத் தொலைப்போம் என்றார்கள். மதுரனுக்குத்தான் கோபம் வந்தது. "போட்டிய நிப்பாட்டுனாலும் பரவால்ல, அந்தாளு படத்துக்குக் கீழ நான் வெளையாட மாட்டேன்" என்றான்.

அந்த வெள்ளிக்கிழமைதான் குவைத்திலிருந்து கடைக்கு அழைப்பு வந்தது. பழனியாண்டிக்குத் தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டுப் பேசுவது பிடிக்கும். ஆகவே சம்பளநாள் கூட்டத்தில் தத்தம் அழைப்புக்காகக் காத்திருந்த அத்தனை பேரும் கேட்டார்கள்.

"அண்ணே, நான் மதுரனோட அம்மா பேசுறேன்."

"சொல்லும்மா நாகலெட்சுமி! மதுரனுக்கு ஆள் அனுப்பட்டுமா?"

"இருக்கட்டும்ண்ணே. மொதல்ல ஒண்ணு கேக்கணும். நெட்டுல நம்ம கிரிக்கெட் படம் வருமே, அதக் காணோம். புதுசா ஒண்ண எம்மேடத்தோட மவ தேடிக் குடுத்துச்சு. அதுல எவனோ ஒரு மீசக்காரன் கோட்டப் போட்டுக்கிட்டு நிக்கிறான். யாருண்ணே அவன்?"

தெரியாமல் கேட்டாளா, தெரிந்தே கேட்டாளா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. பழனியாண்டி ஒலிபெருக்கிப் பொத்தானைத் தேடினார். அவசரத்தில் அகப்படவில்லை.

"எம்மவன மீசையோட நான் பாத்ததே அந்தப் படத்துலதாண்ணே. மட்டைய தூக்கிக்கிட்டு சிரிச்சிக்கிட்டு நிப்பான். வாராவாரம் அதப் பாத்துட்டுத்தான் தூங்குவேன். இப்ப தொறந்தா இந்த மொகந்தான் வருது. யாருன்னு தெரிஞ்சா எடுக்கச் சொல்லுங்கண்ணே. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"தெரிஞ்ச ஆளுதாம்மா," என்றார் பழனியாண்டி. "சொல்றேன்."

மதுரனுக்கு ஆள் அனுப்பிவிட்டு வெளியே போய், கடைக்குப் பின்னால் நெடுநேரம் நின்றார். மறுநாள் தளத்தில் மதுரனின் படம் இருந்தது. பழனியாண்டியின் படமும் இருந்தது, கொஞ்சம் சிறிதாக. ஒரே நாளில் முழு மனிதனும் மாறிவிட முடியுமா?

இதற்கிடையில் மதுரனும் கூட்டாளிகளும் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். பெயர் வேண்டாம். பேனரில் "கிண்ணம்" என்ற சொல் மட்டும் பெரிதாக. அதற்கு முன்னால் வெற்றிடம். அந்த வெற்றிடத்தைப் பார்க்கவே நானு ஓயாவிலிருந்து ஆட்கள் ரயிலேறி வந்தார்கள்.

இறுதியாட்டத்தன்று பழனியாண்டி கோட்டில்லாமல் வந்தார். ஓர் ஓரத்தில் நின்றார். அழகுமுத்து மைக்கில் "நமது கிண்ணம்… கிண்ணப் போட்டி…" என்று தடுமாறும் ஒவ்வொரு தடவையும் அவர் முகம் சுருங்கியது. யாரும் ஏசவில்லை, நிலக்ஷி அவருக்கும் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். பாதியைக் குடித்ததும் நேரே மேடையேறி, அழகுமுத்துவின் கையிலிருந்து மைக்கை வாங்கினார்.

"பெரியோர்களே, தாய்மார்களே! பனிச்சாரல் டொட் கொம் என்ற இணையத்தளத்தை இன்று முதல் கழகத்துக்கே அன்பளிப்பாகத் தருகிறேன்!"

கைதட்டல் மலையில் பட்டுத் திரும்பியது. அந்தச் சத்தம் அவரைத் தூக்கிவிட்டது. இறங்க மனமில்லை.

"அதன் கடவுச்சொல்லையும் இப்பொழுதே, உங்கள் அனைவர் முன்னிலையிலும் ஒப்படைக்கிறேன்!"

"வேணாங்க! இங்க வேணாம்!" என்று கத்தியபடி நிலக்ஷி ஓடி வந்தாள்.

"கடவுச்சொல்," என்றார், கண்களை மூடிக்கொண்டு, "பழனியாண்டி."

மூன்று தோட்டங்களுக்குக் கேட்டிருக்கும். நிலக்ஷி கிண்ணம் கொடுப்பதைக்கூடப் பார்க்காமல், யாராவது உள்ளே புகுந்துவிடுவதற்குள் அதை மாற்றவென்று ஆட்டோ பிடித்து ஹட்டனுக்குப் பறந்தாள். மதுரன் அந்த ஆட்டத்தில் இரண்டாவது பந்திலேயே ஆட்டமிழந்திருந்தான். பரவாயில்லை, தளத்தில் அவன் தாய்க்கு நல்ல படமாகத்தான் போட்டார்கள்.

பெயர் திரும்பிவிட்டது, ஆனால் சனங்கள் அந்தப் பெயருக்குத் திரும்பவில்லை. அடுத்த வருஷமும் எல்லாரும் கேட்டது, "பேரில்லாக் கிண்ணம் எப்பங்க?" என்றுதான். பனிச்சாரல் என்று கழகம் அச்சடித்த இடங்களிலும் மக்கள் பேரில்லாக் கிண்ணம் என்றே வாசித்தார்கள். கடைக்கு யாராவது புதிதாக வந்தால் பழனியாண்டி மீசையைத் தடவியபடி கேட்பார்: "பேரில்லாக் கிண்ணம்… அந்தப் பேரு யாரால வந்துச்சுன்னு தெரியுங்களா?"

சிரிக்கிறீர்கள். நல்லது. இதைப் படிக்கும்போது உங்களுக்குத் தெரிந்த ஒருவர் ஞாபகம் வந்திருப்பார். அவருக்கு மனதுக்குள் 'டொட் கொம்' என்று பட்டப்பெயரும் வைத்திருப்பீர்கள். நாளை அதை நண்பர் ஒருவரிடம் சொல்வீர்கள், அவர் இன்னொருவரிடம் சொல்வார், மாசம் முடிவதற்குள் அலுவலகம் முழுக்க அந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளும். அப்போது தேநீர் நேரத்தில் யாரோ அதைச் சொல்லிச் சிரிக்கையில், "அத மொதல்ல சொன்னது யாரு தெரியுமா?" என்று உங்கள் வாய் தானாகத் திறக்கும் பாருங்கள்.

அந்த நேரம் வாயில் ஒரு பிஸ்கட் வைத்திருங்கள்.