புளி பார்க்கிற ஆள்

சாம்பிராணிப் புகையை முட்டித் தள்ளிக்கொண்டு மீன்குழம்பு மணத்தது. ஏரம்பு சாம்பிராணித் தணலை இன்னும் பலமாக ஊதினார்.

"ஊதினது காணும். கோயில் மணியம் வாசல் படலையடியிலை நிக்கிறார்," என்றாள் மனைவி பாலேஸ்வரி.

1964ஆம் ஆண்டுக் கோயில் திருவிழாவுக்குக் கொடி ஏறி மூன்று நாள்தான் ஆகியிருந்தது. கொடி இறங்கும்வரை அந்த ஒழுங்கையில் எந்த வீட்டிலும் மீன், இறைச்சி என்று மச்சச் சட்டி அடுப்பேறாது. பாழாய்ப்போன நாக்கு கேட்டால்தானே! பிடிபட்டால், தன் அப்பு காலம் தொட்டு குடும்பச் செலவில் நடத்திவரும் ஆறாம் நாள் திருவிழா வேறொருவர் கைக்குப் போய்விடும்.

கோயிலை நிர்வகிக்கும் மணியம் கனகசபாபதி லேசுப்பட்ட ஆளில்லை. பரம்பரையாக மச்சம் தொடாதவர். விரதம் முறித்த வீட்டை மூக்காலேயே பிடித்துவிடுவார்.

ஏரம்பு சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி, மாட்டுக்கொட்டிலில் வைக்கோலுக்குள் ஒளித்தார். மணியமும் நேரே கொட்டிலுக்குத்தான் வந்தார்.

"வைக்கோலுக்கை என்ன, ஏரம்பு?"

"கத்தரிக்காய்க் குழம்பு, ஐயா."

"மாட்டுக்கோ?"

"ஓம் ஐயா. கண்டுக்கு வயித்துக்கோளாறு."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்னவென்று ஏரம்புவுக்கே விளங்கியது. அதற்குள் வேலிக்கு மேலால் நாலைந்து தலைகள் எட்டிப் பார்த்தன.

மணியம் கண்ணை மூடி ஒருதரம் மூச்சை இழுத்தார்.

"விளைமீன்," என்றார். "மயிலிட்டி மீன். விடிய வாங்கினது."

ஏரம்புவுக்கு உடம்பு புல்லரித்தது. சட்டியின் மூடியைக்கூடத் திறக்கவில்லையே மனுசன்! மயிலிட்டி மீன்காரியிடம் விடியச் சுன்னாகச் சந்தையில் வாங்கிய அதே விளைமீன்தான். இது மூக்கில்லை, ஞானம். பயம் போய்ப் பக்தி வந்துவிட்டது. அவர் கைகள் தாமாகவே கும்பிட்டன.

"பிழைதான் ஐயா. உங்களுக்கு மறைக்கேலுமோ?"

"ஆறாம் திருவிழா இனி உமக்கில்லை."

மணியம் சால்வையை உதறிக்கொண்டு புறப்பட்டார். இரண்டடி வைத்தவர் நின்றார். மூக்கு இன்னொருதரம் விரிந்தது.

"விளைமீனுக்கு உந்தப் புளி காணாது, இன்னும் விடவேணும்," என்றார்.

ஏரம்புவுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. வேலிக்கு மேலால் பார்த்த சனமும் வாயைப் பிளந்தது.

ஊருக்கெல்லாம் ஒழுக்கம் படிப்பிக்கிறவர்களை அந்த ஒழுங்கையில் பிறகு 'புளி பார்க்கிற ஆள்' என்றே சொல்லத் தொடங்கினார்கள். அந்தச் சொல் பிறந்தது அந்த நிமிடத்தில்தான். அடுப்படி வாசலில் நின்ற பாலேஸ்வரி மிகப் பணிவாகக் கேட்டாள்:

"அப்ப, ஐயா வீட்டிலை விளைமீனுக்கு எவ்வளவு புளி விடுறவை?"