பெரிய புள்ளி

“கிராஃப்ல பெரிய புள்ளியைப் போட்டுடு. கடைசி வரிசையிலேர்ந்து பார்த்தாலும் பளிச்சுன்னு தெரியணும்,” என்று சொல்லிவிட்டு மேனேஜர் போனை வைத்துவிட்டார். அவர் அப்போது புதுச்சட்டை வாங்கக் கடைக்குப் போயிருந்தார்.

மின்விசிறிக் கம்பெனியில் புகார்க் கணக்கு பார்க்கும் அந்த இளைஞனுக்கு ஒன்றும் ஓடவில்லை. மதியம் முதலாளி வருகிறார். எந்த மாதம் எத்தனை புகார் என்று திரையில் வரைபடம் காட்ட வேண்டும். நன்றாக அமைந்தால் வேலை நிரந்தரம், சொதப்பினால் வீடு. வீட்டில் மாமனாரோ, “மாப்பிள்ளைக்கு நிரந்தரம் ஆயிடுச்சாம்மா?” என்று மகளைக் கேட்காமல் சோற்றில் கை வைப்பதில்லை.

அவன் யோசித்தான். இந்தக் கம்பெனியில் முதலாளியை விடப் பெரிய புள்ளி யார்?

வரவேற்பறைச் சுவரில், கருகரு மீசையோடு ஒரு படம் தொங்கியது. மேனேஜர் தினமும் செருப்பைக் கழற்றிவிட்டு அதைக் கும்பிட்டுத்தான் உள்ளே போவார். “முதலாளியும் நானும் ஒரே தட்டுல சாப்பிட்டவங்க,” என்பார். இளைஞன் அந்தப் படத்தைக் கைபேசியில் பிடித்துக்கொண்டான்.

“அது எதுக்கு?” என்றாள் வரவேற்பறைப் பெண், போனைக் காதில் வைத்தபடியே.

“கிராஃபுக்கு.”

அவள் மறுபடி போனில் மூழ்கிவிட்டாள்.

மென்பொருளில் புள்ளிக்குப் பதிலாகச் சொந்தப் படம் வைக்க வசதி இருந்தது. வைத்தான். முகங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் பேருந்துக் கூட்டம்போல் நின்றன. சிறிதாக்கினான், முதலாளி எறும்பானார். புகாருக்குத் தகுந்தபடி அளவு மாறட்டும் என்று ஒரு பொத்தானைத் தட்டினான். ஜனவரியில் கடுகளவு இருந்தவர், மே மாதம் திரையை அடைத்துக்கொண்டார். புள்ளிகளை இணைக்கும் கோடு எல்லா மூக்கிலும் புகுந்து புறப்பட்டு மூக்கணாங்கயிறு மாதிரி ஓடியது.

மேனேஜர் புதுச்சட்டையோடு வந்து பார்த்தார். நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார்.

“என்னப்பா இது?”

“நீங்கதானே சார் பெரிய புள்ளியைப் போடச் சொன்னீங்க?”

“பெரிய பொட்டுய்யா. வட்டமா, கறுப்பா. புகார் ஏற ஏற முதலாளி வீங்கிட்டே போறாரே. என் பொழப்பையும் சேர்த்துக் கெடுத்துட்டியே.”

“மாத்திடறேன் சார். ஃபேன் படத்தை வச்சிடறேன்.”

வைத்தான். பழைய படம் போகவில்லை. புதியது அதன்மேல் உட்கார்ந்துகொண்டது. இப்போது எல்லா முதலாளிகளின் தலையிலும் மின்விசிறி முளைத்திருந்தது. எடுக்கப் போனான். கணினி உறைந்துபோனது.

அதற்குள் கூட்ட அறைக் கதவு திறந்தது. வழுக்கைத் தலையோடு, மீசை இல்லாத ஒல்லியான ஒருவர் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்.

“சார், ஆளு வேற மாதிரி இருக்காரே,” என்று கிசுகிசுத்தான் இளைஞன்.

“வேலைப்பளு, இளைச்சுட்டாரு. மீசையை எடுக்கலாமான்னு போன வாரம் எங்கிட்டதான் கேட்டாரு.”

வந்தவர் திரும்பி, “நீங்கதான் மேனேஜரா?” என்றார்.

“எப்பவும் இப்படித்தான், தமாஷ் பண்ணுவாரு,” என்று மேனேஜர் இவன் காதில் சொல்லிவிட்டு, அவரைப் பார்த்துப் பெரிதாகச் சிரித்தார்.

விளக்கு அணைந்தது. திரையில் தலைகள் ஒளிர்ந்தன. இளைஞனுக்கு மாமனார் முகம்தான் கண்ணில் நின்றது. முதலாளி நெடுநேரம் பார்த்தார்.

“ஆளு பெருக்கப் பெருக்கப் புகார் கூடுது. மே மாசம் கோட்டை விட்டிருக்கோம். எனக்குப் புரியற மாதிரி முதல்தடவையா ஒரு கிராஃப் காட்டியிருக்காங்க. தம்பியை நிரந்தரம் பண்ணிடுங்க,” என்றார். அப்புறம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். “ஒண்ணுதான் புரியல. இவரு யாரு?”

தண்ணீர்த் தட்டோடு உள்ளே வந்த வரவேற்பறைப் பெண் திரையை நிமிர்ந்து பார்த்தாள்.

“இதுவா சார்? ஃப்ரேம் வாங்கினப்போ கடைக்காரன் அழகுக்கு உள்ள வச்சுக் குடுத்த படம். எடுத்துட்டு உங்க படத்தை மாட்டலாம்னுதான் இருந்தேன். மேனேஜர் சார் தினமும் செருப்பைக் கழட்டிட்டுக் கும்பிடறாரேன்னு மனசு வரல.”