அபூ சுஹைல் காத்த பனி

"யாரது? கையை எடு! அது என் பனி!"

ஜன்னலிலிருந்தே கத்திவிட்டு, பைஜாமாவுக்கு மேல் கோட்டை மாட்டிக்கொண்டு அபூ சுஹைல் தெருவுக்கு ஓடினார். வாசலில், அவருடைய கார் எப்போதும் நிற்கும் ஆலிவ் மரத்தடியில், பக்கத்து வீட்டு உம் ஹாத்திம் கிண்ணத்தோடு நின்றிருந்தாள். தெருவில் பாதிக் கார்களைப் போல அதுவும் வெள்ளைக் கார்; நம்பர்கூடத் தெரியாமல் மூடி, கூரையில் முழ உயரத்துக்குப் பனி. அதில் இரண்டு கரண்டி குறைந்திருந்தது.

ஜோர்டானின் அம்மான் நகரத்துக்கு மழை என்றுதான் சொல்லியிருந்தார்கள். விடிந்து பார்த்தால் ஊரே வெள்ளை. எல்லாருக்கும் விடுமுறை, எல்லார் கையிலும் திராட்சைப் பாகு. பனியில் ஊற்றித் தின்னட்டும், யார் வேண்டாம் என்றது? தரைப் பனியில் செருப்புத் தடம். மொட்டைமாடிப் பனியில் மாடிவீட்டுப் பையன் ஃபவ்வாஸ் வளர்க்கும் புறாக்களின் எச்சம். சுத்தமான பனி கார்களின் மேல்தான். அதற்காக அடுத்தவன் காரிலா கை வைப்பது?

"ரெண்டு கரண்டிதானே அண்ணே! இதுக்குப் போயா இந்தக் கத்து கத்தறீங்க?"

"என் பொண்ணு மைஸூன் மாசமா இருக்கா, தெரியுமில்ல? அவ இருக்கற ஷூனா கீழ பள்ளத்தாக்குல, அங்க சொட்டுப் பனி இல்லை. பனி வேணும்னு காலைலேருந்து போன்ல அழறா. மசக்கைக்காரி கேட்டது கிடைக்கலேன்னா குழந்தை மூஞ்சில மச்சம் விழும். அந்த மச்சத்தை உன் மூஞ்சில ஒட்டவா?"

"அப்ப நான் எங்க போறது?"

"ரொட்டிக்கடை முக்குல ஒரு கார் அநாதையா நிக்குது பாரு. அங்க போய் வழிச்சுக்க!"

அவள் போனாள். அடுத்து நாலு பேர் வந்தார்கள். அவர்களையும் முக்குக்கே விரட்டினார். என்ன ஜனங்களப்பா இது, வெட்கமே கிடையாதா!

வீட்டிலிருந்த கம்பளியைக் கொண்டுவந்து காரைப் போர்த்தினார். வந்தது வினை. இவ்வளவு பத்திரமாக மூடியிருக்கிறாரே, உள்ளே இருப்பது நல்ல பனியாகத்தான் இருக்கும் என்று தெருவே கூடிவிட்டது.

மாடியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "என்னங்க, நேத்து நான் ரொட்டி வாங்கப் போனப்ப..."

"ரொட்டியைப் பத்திப் பேசற நேரமாடி இது? உள்ள போ!"

ஃபவ்வாஸ் யோசனை சொன்னான். "மாமா, சும்மா கெடந்தாத்தான் அள்ளுவாங்க. பொம்மையாப் பண்ணி பானெட் மேல உக்கார வைங்க. அப்படியே ஷூனாவுக்கு ஓட்டிட்டுப் போயிடலாம். பொம்மையை எவன் தின்பான்?"

நியாயமாகப் பட்டது. கூரைப் பனியை வழித்துப் பொம்மை பிடித்தார். தன் சிவப்புக் கட்டம் போட்ட தலைத்துணியையே அதற்குக் கட்டினார். பொம்மை அச்சு அசல் அவரைப் போலவே முறைத்தது. பார்த்தவர்கள் எல்லாம் படம் எடுக்க வந்துவிட்டார்கள். ஒருவன் அதன் தோளில் கை போட்டான், தோள் உதிர்ந்தது.

"என் பேரப்பிள்ளை மூஞ்சிடா அது, படுபாவி!" என்று துடைப்பத்தோடு பாய்ந்தார்.

முக்கிலோ ஒரே கும்மாளம். உம் ஹாத்திம் அந்தக் காரின் கண்ணாடியைக்கூட விடாமல் சுரண்டிக்கொண்டிருந்தாள். அபூ சுஹைல் காறித் துப்பினார்.

"எந்தச் சொரணை கெட்டவன் காரோ! ஊரே மொட்டையடிக்குது, எட்டிப் பாக்கலையே அவன்!"

"என்னங்க, அதைத்தான் நான்..." என்றாள் மனைவி மாடியிலிருந்து.

"வாயை மூடு!"

மதியம் வெயில் எட்டிப் பார்த்தது. இனி தாமதித்தால் மைஸூனுக்குத் தண்ணீர்தான் மிஞ்சும். அபூ சுஹைல் கோட்டுப் பையில் சாவியைத் துழாவினார். சாவி கைக்கு வருமுன்பே கார் 'கீங் கீங்' என்று கத்தித் திறந்துகொண்டது. மூன்றாம் மாடி நிஹாயா டீச்சர், சாவியை ஆட்டிக்கொண்டு படியிறங்கி வந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"உங்க இடத்துல நேத்து நான் காரை நிறுத்திட்டேன், அதனாலதான் உங்க வீட்டம்மா உங்க காரை ரொட்டிக்கடை முக்குல நிறுத்தினாங்க. கோவிச்சுக்குவீங்கன்னு பயந்துட்டே இருந்தேன் அண்ணே. நீங்க என்னடான்னா உங்க காரை ஊருக்கே தின்னக் குடுத்துட்டு, என் கார்ப் பனிக்குக் காலைலேருந்து காவல் நிக்கிறீங்களே!"