கயிற்றின் இன்னொரு முனை

வேலை போன விஷயத்தை அம்மாவிடம் சாகும்வரை சொல்வதில்லை என்று அப்பா தீர்மானம் போட்டார். கூட்டத்தில் இருந்த ஒரே உறுப்பினர் நான். எதிர்த்து வாக்களித்தேன். தோற்றேன்.

“வேலை போனது அவமானம், பொய் சொல்றது மட்டும் கௌரவமா?”

“காலேஜ்ல பேசறதைக் காலேஜ்லயே வச்சுக்கோம்மா.”

அவர் வேலை பார்த்த அச்சகத்தை மூடியாகிவிட்டது. ஆனாலும் தினமும் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்புவார். பேருந்து நிலைய பெஞ்சில் உட்கார்ந்து, ஏறாத பேருந்துகளையெல்லாம் வழியனுப்பிவிட்டு, மாலையில் நிஜமாகவே களைத்துத் திரும்புவார். மாடிப்படியில் நின்று என் பேனா மையைச் சட்டைக் கைநுனியில் பூசிக்கொள்வார். அச்சு இயந்திரம் ஓட்டும் மெஷின்மேன் அல்லவா! பேனா கொடுத்த பாவம் என்னுடையது.

அம்மா பரிசுக் கடைக்கு அலங்கார முறுக்குக் கயிறு செய்து கொடுப்பவள். வண்ண நூல்களின் ஒரு முனையைக் கதவுப் பிடியில் கட்டி, மறுமுனையில் பென்சிலைச் செருகிச் சுற்ற வேண்டும். நன்றாக முறுக்கேறியதும் நடுவில் மடித்தால், இரண்டு பாதியும் தாமாகவே பின்னிக்கொள்ளும். அதற்குள் கைவிட்டால் எல்லாம் சிக்கு.

மழை விடாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, “கதவுப் பிடி கழண்டுடுச்சுங்க. கொஞ்சம் இதைப் பிடிங்க,” என்றாள் அம்மா. பிடித்தார்.

“ரெண்டு கையாலயும். அச்சகம் எப்படிப் போகுது?”

“வேலை தலைக்கு மேல.”

“முதலாளி?”

“நேத்துகூடத் திட்டினாரு.”

பென்சில் சுற்றியது. நூல் இறுகியது. அப்பாவின் முகமும்.

“அச்சு மை இத்தனை வருஷமா எந்தச் சோப்புக்கும் மசியல. இப்ப மட்டும் ஒரே அலசுல ஓடிப் போகுதே?”

“அது... புது மை.”

“கறுப்பு மை நீலமா குட்டி போட்டுச்சா?”

அப்பா வாசலைப் பார்த்தார். ஓடினால் கயிறு சிக்கு. நின்றால் அவரே சிக்கு. என்னைப் பார்த்தார். நான் பேனாவை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

“மூடிட்டாங்க...” என்றார். குரல் நூலைவிட மெலிந்திருந்தது. கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட அவருக்குக் கை இல்லை.

அம்மா சுற்றுவதை நிறுத்தவில்லை.

“தெரியும். பெஞ்சுல உக்கார்ந்து வெயில் வாங்கறதுக்கா விடியக்காலைல எழுந்து டப்பா கட்டினேன்? என்கிட்ட சொன்னா உங்க நாக்கு தேஞ்சுடுமா?”

வாதத்துக்கு இடமே இல்லாத வழக்கு. நானே வாயை மூடிக்கொண்டேன்.

“போதும், முறுக்கேறிடுச்சு. நீ நடுவுல பிடிடி. நீங்க கிட்ட வாங்க.”

தலையைக் குனிந்தபடி வந்தார். நான் நடுவை விட்டேன். கயிறு தானாகப் பின்னிக்கொண்டது.

மறுநாள் காலை டப்பாவைக் கட்டிக் கையில் கொடுத்தாள். பழக்கதோஷத்தில் அப்பா செருப்பைத் தேடினார்.

“எங்க கிளம்பிட்டீங்க?” கதவோரம் போட்டிருந்த நாற்காலியைக் காட்டினாள் அம்மா. “கடையில நிறைய கேட்டிருக்காங்க.”

கதவுப் பிடியை நான் அவள் தையல் பெட்டியில் பார்த்தேன், திருகாணிகள் ஒன்றுகூடக் குறையாமல், பக்கத்தில் ஸ்க்ரூடிரைவரோடு.