உரம் தந்தேன், வரி கட்டு

எனக்குப் பாட வராது. நான் அடக்கத்துக்காகச் சொல்வதாக நினைத்து, "சும்மா ரெண்டு வரி பாடுங்க டீச்சர்" என்று கேட்டவர்கள் யாரும் இரண்டாம் முறை கேட்டதில்லை. என் அம்மா ஆரோக்கியமேரியோ விழுப்புரத்தில் எங்கள் மாதா கோவில் பாடகர் குழுவின் முதல் குரல். இருபத்தெட்டு வருடம் அந்த இடத்தில் வேறு யாரும் நின்றதில்லை. அவருடைய ஒரே மகளான என்னை எட்டாம் வகுப்பு படிக்கும்போது அதே குழுவிலிருந்து கைதட்டும் பிரிவுக்கு மாற்றினார்கள். (அப்படி ஒரு பிரிவு அதற்கு முன் இருந்ததில்லை.) மாற்றியது அம்மாதான்.

அந்த அம்மாவுக்கு அறுபது வயதில் தொண்டையில் தைராய்டு கட்டி வந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. குரலுக்குப் போகும் நரம்பு மட்டும் சோர்ந்துவிட்டது. அப்படி ஆகலாம் என்று டாக்டர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் வாரம் ஒருமுறை பேச்சுப் பயிற்சிக்குப் போய்வந்ததில் பேச்சு திரும்பியது, உப்புத்தாளை மரத்தில் தேய்ப்பது போல. பாட்டு திரும்பவில்லை. ஞாயிறு திருப்பலியில் அம்மா கடைசி வரிசைக்குப் போய்விட்டார். பாட்டுப் புத்தகத்தைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு, பாடகர் குழு இருக்கும் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்திருப்பார்.

அப்போதுதான் அம்மா பாடிய பதிவு ஏதாவது வீட்டில் இருக்கிறதா என்று தேடினேன். என் கல்யாண வீடியோவில் அம்மா பாடுகிறார், வாய் அசைகிறது, ஆனால் அதன்மேல் வீடியோக்காரர் தன் விருப்பத்துக்கு ஏதோ கிடார் இசையை ஏற்றிவிட்டார். கைப்பேசியில் பதினோரு விநாடி ஒரு துண்டு கிடைத்தது. அதில் முழுக்க யாரோ இருமுகிறார்கள். தினமும் வந்து போகிற ரயிலை யார் படம் எடுத்து வைப்பார்கள்? (அப்பா ரயில்வேயில் புக்கிங் கிளார்க்காக இருந்தவர். எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் ரயில்தான் உதாரணம்.)

அம்மா சொந்தமாக மெட்டுப் போட்ட பாட்டு ஒன்றே ஒன்று உண்டு. 'உள்ளம் தந்தேன், வழி காட்டு' என்று தொடங்கும். அதை நான் தூக்கத்தில்கூடச் சுரம் பிசகாமல் நினைத்துக்கொள்வேன். நினைத்துக்கொள்வது மட்டும்தான் என்னால் முடியும்.

நான் திண்டிவனத்தில் கணக்கு டீச்சர். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து டீ குடிக்கும்போது ஒரு வீடியோ பார்த்தேன். கம்ப்யூட்டரில் இசைக்குறிப்பை எழுதி, ஒவ்வொரு சுரத்துக்குக் கீழும் பாட்டின் அசையைத் தட்டச்சு செய்தால், அதை ஒரு பெண் குரல் பாடுகிறது. அப்படி ஒரு பெண்ணே கிடையாது, எல்லாம் மென்பொருள். டீ ஆறிப்போனது தெரியாமல் மூன்று முறை பார்த்தேன். பாட வராதவளுக்கு, பாட முடியாத அம்மாவைப் பாடவைக்க ஒரு வழி.

சிறுவயதில் கீபோர்டு வகுப்பில் ஐந்து கோட்டு இசைக்குறிப்பு கொஞ்சம் கற்றிருந்தேன். அந்தக் கொஞ்சத்தை நம்பி இறங்கினேன். முதல் மாதம் முழுக்க மெட்டை எழுதவே போனது. ஒரு புள்ளியை மவுஸால் பிடித்து மூன்றாம் கோட்டில் வைத்தால் அது தாவி நான்காம் கோட்டில் உட்காரும். அடுத்தது குரல். அதை விற்கும் பெட்டியின் அட்டைப்படத்தில் ஊதா நிறக் கூந்தலும் குட்டைப் பாவாடையுமாக ஒரு கார்ட்டூன் பெண். வயது பதினாறு, பிடித்த உணவு ஸ்ட்ராபெரி கேக் என்று குறிப்பு வேறு. இந்தப் பெண்ணைத்தான் நான் மீன் குழம்பு பிரியரான ஆரோக்கியமேரியாக மாற்ற வேண்டும்.

குரலைத் தடிப்பாக்க ஒரு திருகு உண்டு. அதை இந்தப் பக்கம் இரண்டு புள்ளி நகர்த்தினால் பங்குச் சாமியார், அந்தப் பக்கம் நகர்த்தினால் அணில். நடுவில் ஏதோ ஒரு மயிரிழையில் அம்மா இருக்கிறார் என்று நம்பி தினமும் சாயங்காலம் நாலரையிலிருந்து ஆறுவரை திருகினேன். ஒருநாள், ஒரே ஒரு சுரத்தில், 'தந்தேன்' என்பதன் நீட்டலில், அம்மா வந்தார். அரை விநாடி இருக்கும். திரும்ப ஓட்டினேன், வரவில்லை. அந்த அரை விநாடிக்காக இன்னும் இரண்டு மாதம் உட்கார்ந்தேன்.

அந்தக் குரலுக்குத் தமிழ் தெரியாது. ல, ள, ழ மூன்றும் அதன் நாக்குக்கு ஒன்றுதான், அதுவும் 'ர' மாதிரி ஒன்று. சில நெடில்களையும் குறிலாக்கிவிடும். இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் ஆயிரம் தடவை கேட்ட என் காதுக்கு எது பாடினாலும் அம்மாவின் சொற்களே கேட்டன. என் கணவர் வின்சென்டைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். கேட்டுவிட்டு, "மெட்டு கரெக்டா கீது ரெஜி" என்றார். மெட்டை மட்டும் ஏன் சொன்னார் என்று நான் யோசிக்கவில்லை. (பிறகு கேட்டதற்கு, "மூணு மாசம் உழைச்சிக்கினு இருந்தே, எப்படி சொல்றது" என்றார். நல்ல மனுஷன்தான், ஆனால் இந்த மாதிரி நல்லவர்களால்தான் உலகத்தில் பாதி விபத்து.)

அப்பா அம்மாவின் நாற்பதாவது கல்யாண நாளை விழுப்புரத்தில் கோவில் மண்டபத்தில் மத்தியானச் சாப்பாட்டோடு வைத்தோம். குடும்பக் குழுவில் நான் ஒரு வாரம் முன்பே, 'ஒரு சர்ப்ரைஸ் உண்டு, சாப்பிட்டவுடன் யாரும் ஓடிவிடக் கூடாது' என்று போட்டேன். எண்பது பேர் வந்தார்கள். யாரும் ஓடவில்லை. அதுதான் பிரச்சினை.

மேடையேறி மைக்கைப் பிடித்தேன். "இரண்டு வருடமாக நாம் கேட்காத ஒரு குரலை இன்று கேட்கப் போகிறோம்" என்றேன். முன்வரிசையில் அப்பாவின் பக்கத்தில் பட்டுப்புடவையில் இருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். நான் பொத்தானை அழுத்தினேன்.

முதல் வரி எண்பது பேரின் காதிலும் இப்படி விழுந்தது: "உரம் தந்தேன். வரி கட்டு."

அப்பாவின் நண்பர் சுப்பராயன் மாமா திருவெண்ணெய்நல்லூரில் கரும்பு போடுகிறவர். அப்பாவிடம் அவர் ரகசியமாகக் கேட்டது, மேடை விளிம்பில், அவர்களுக்கு நேர் முன்னால் இருந்த மேசையில் நான் அணைக்காமல் வைத்த மைக் வழியாக மண்டபம் முழுக்கக் கேட்டது.

"இன்னாண்ணே, உரம் தந்தேன்னுது. யூரியாவா, டிஏபியா?"

"தெர்லப்பா" என்றார் அப்பா. "வரி வேற கட்ட சொல்லுது."

"உரத்துக்கும் வரி போட்டுட்டானா?"

அடுத்த வரிக்குப் பாட்டு போயிருந்தால் பிழைத்திருப்பேன். அன்று காலையில் கடைசித் திருத்தம் செய்வதற்காக அந்த முதல் வரியை மட்டும் திரும்பத் திரும்ப ஓடும்படி வைத்திருந்தேன். அதை எடுத்துவிட மறந்துவிட்டேன். ஊதாக் கூந்தல் பெண் மூச்சே விடாமல் மறுபடி உரம் தந்தாள், மறுபடி வரி கேட்டாள். நிறுத்து பொத்தானை அழுத்தினேன். திரை உறைந்துவிட்டது, குரல் உறையவில்லை. ஐந்தாவது சுற்றில் பிள்ளைகள் சேர்ந்து பாட ஆரம்பித்தார்கள். ஏழாவது சுற்றில் பெரியவர்கள் தாளம் போட்டார்கள். லேப்டாப்பை மூடினேன், மூடிய பெட்டிக்குள்ளிருந்தும் வரி கட்டச் சொன்னது. கடைசியில் மைக் செட் அண்ணன் வந்து ஒயரைப் பிடுங்கினார். "பேஜாரு புச்ச பொட்டிம்மா இது" என்றார்.

மண்டபமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது. அம்மாவைப் பார்த்தேன். நாற்காலி காலியாக இருந்தது.

வீட்டுக்குப் போனபோது மணி நான்கு. அம்மா அடுப்படியில் நின்றபடி தலையிலிருந்த மல்லிகையை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தார்.

"ரெஜி. நான் செத்தா பூட்டேன்?"

"ஐயோ, இல்லம்மா."

"பின்ன எனக்கு பதிலா எவளையோ கூட்டியாந்து நிக்க வெக்கிறே."

"உன் குரல் எங்ககிட்ட எங்கயுமே இல்லம்மா. தேடித் தேடிப் பார்த்துட்டேன். அதான்."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "அது எங்கிட்ட மட்டும் கீதா?" என்றார்.

மூன்று மாதம் ஆரோக்கியமேரியின் குரலைத் தேடியவள், ஆரோக்கியமேரி அதைத் தேடிக்கொண்டிருப்பார் என்று ஒருநாளும் நினைக்கவில்லை. தட்டிலிருந்த பூவையே பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் பொட்டிய எட்தா" என்றார்.

ஒயர் இல்லாமல், சின்னச் சத்தத்தில், ஒரு முறை முழுக்கக் கேட்டார். முகம் சுளித்தார்.

"இவ மூச்சு எங்க வுட்றா?"

"மூச்சே விட மாட்டாம்மா. மிஷினு."

"மூச்சு வுடாம பாடினா அது பாட்டா? தந்தேன்னு சொல்லிட்டு வுடணும். நான் அங்கதான் வுடுவேன்."

அந்த இடத்தில் ஒரு சின்ன இடைவெளி வைத்தேன். மறுபடி ஓட்டினேன். அம்மா நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

அதன்பிறகு சனிக்கிழமைதோறும் லேப்டாப்போடு திண்டிவனத்திலிருந்து பஸ் ஏறினேன். சுரம் எங்கே இறங்கி ஏற வேண்டும் என்பதை அம்மாவால் பாடிக் காட்ட முடியாது. கையால் காட்டினார். கை தாழும், கொஞ்சம் நிற்கும், மெல்ல மேலே போகும். அந்தக் கையைப் பார்த்துப் பார்த்து நான் திரையில் கோட்டை வளைத்தேன். ஒருமுறை கை போதாமல், தன்னை மறந்து வாயைத் திறந்துவிட்டார். காற்றுதான் வந்தது. இரண்டு பேரும் திரையையே பார்த்துக்கொண்டோம். "இன்னும் கொஞ்சம் மேல" என்றார், கையால்.

அம்மா பாடகர் குழுவுக்குத் திரும்பினார் என்று எழுத ஆசைதான். திரும்பவில்லை. ஊதாக் கூந்தலுக்கும் ழகரம் கடைசிவரை வரவில்லை. "அவளுக்கு நாக்கு இல்லடி, வுட்டுடு" என்று அம்மாவே முடித்துவைத்தார். இதெல்லாம் நடந்து நான்கு வருடம் ஆகிறது. இன்றும் எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷத்துக்குப் போனாலும் வாசலிலேயே யாராவது, "உரம் வந்துச்சா ரெஜி?" என்கிறார்கள். சுப்பராயன் மாமா என்னை நலம் விசாரிப்பதே, "வரி கட்டிட்டியா பாப்பா?" என்றுதான். என் மாணவிகளுக்கும் எப்படியோ தெரிந்துவிட்டது. கரும்பலகையில் வரி சதவீதக் கணக்கு எழுதினால் பின்வரிசையில் ராகம் கேட்கிறது.

அப்பா அந்தப் பாட்டைத் தன் கைப்பேசிக்கு அழைப்பு மணியாக வைத்துக்கொண்டார். திண்டிவனத்திலிருந்து தினமும் சாயங்காலம் நான் கூப்பிடுகிறேன். உடனே எடுக்கவே மாட்டார். ஏன்பா இவ்வளவு நேரம் என்று கேட்டால், "உங்கம்மா எடுக்க வாணான்றா. தந்தேன்னு சொல்லிட்டு மூச்சு வுட்ற எடம் ரெண்டு தபா வர்ற வரைக்கும் வுட சொல்றா" என்கிறார்.

அதனால் இப்போது நான் அவசரப்படுவதில்லை. அங்கே, விழுப்புரத்தில், அது பாடிக்கொண்டிருக்கும். அம்மா கேட்டுக்கொண்டிருப்பார். இந்தப் பக்கம் எனக்கு வெறும் மணி அடிப்பதுதான் கேட்கும். காதில் வைத்தபடி காத்திருப்பேன்.