தபசுகாலத்தில் சிரிக்காத கமிட்டி

சினிமாவைப் பற்றி அபிப்பிராயம் சொல்லத் தகுதியுள்ளவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர். ஒருவன் நான். மற்றவர் யாரென்று 1938ஆம் ஆண்டு இயேசு உயிர்த்த பாஸ்குத் திருநாளுக்கு அடுத்த ஞாயிறு வரை எனக்குத் தெரியாது.

அப்போது நான் கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் கத்தோலிக்கக் கோவில் பங்கின் 'சன்மார்க்க சினிமாக் கமிட்டி'யின் காரியதரிசி. பங்கு மக்கள் எந்தப் படத்துக்குப் போகலாம், போனால் எவ்வளவு சிரிக்கலாம் என்பதையெல்லாம் நாங்களே தீர்மானித்தோம். 'தாராளமாகச் சிரிக்கலாம்', 'பெரியவர்கள் மட்டும் சிரிக்கலாம்', 'சிரிக்குமுன் சுவாமியாரைக் காண்க' என்று மூன்று தரங்கள். தீர்ப்பு என் கையெழுத்தோடு கோவில் வாசல் பலகையில் தொங்கும். துறைமுகக் கந்தோரில் பதினேழு வருடம் எழுதியும் என் எழுத்தை ஒருவரும் நின்று வாசித்ததில்லை. இங்கே நின்று வாசித்தார்கள். தூணுக்குப் பின்னால் ஒளிந்து எண்ணியிருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாற்பத்தொரு பேர்.

விபூதிப் புதன் தொடங்கிப் பாஸ்கு வரையான தபசுகாலத்தில் சினிமா அறவே விலக்கு என்பது கமிட்டியின் தலையாய விதி. அதைப் பிரேரித்தவனும் நானே.

அந்த வருடம் அதே தபசுகாலத்தில், மூன்று சிரிப்புப் படங்களை ஒன்றாகச் சேர்த்துப் பொரளையில் ஓட்டினார்கள். பாஸ்குக்கு மறுநாள் திங்கட்கிழமை அவை கொட்டாஞ்சேனைக்கு வரும் என்று விளம்பரம். மக்கள் அபிப்பிராயம் இல்லாமல் அந்தரப்படலாமா? 'கடமை' அழைத்தது. கறுப்புக் குடையை எடுத்துக்கொண்டு இரண்டு டிராம் மாறிப் போனேன். பொரளையில் பெரிய இடுகாடான கனத்தைச் சவக்காலை இருப்பதால், துக்க முகத்தோடு அந்த டிராமில் ஏறினால் எவரும் கேள்வி கேட்பதில்லை.

முதல் படத்தில் மாமியாருக்குப் பயந்த மருமகன் நெல்லுப் பெட்டிக்குள் ஒளிகிறான். மாமியார் அந்தப் பெட்டியின்மேல் அமர்ந்து பதினொரு சரணம் பாடுகிறாள். உள்ளேயிருந்து தாளம் வருகிறது. இரண்டாவதில் சுகதேகி ஒருவனுக்கு இரண்டு வைத்தியர்கள். ஒருவர் படு என்கிறார், மற்றவர் ஓடு என்கிறார். அவன் கட்டிலைச் சுமந்துகொண்டு ஓடுகிறான். மூன்றாவதில் நீதவானின் பொய்மயிருக்குள் காகம் முட்டையிட, குஞ்சு பொரிக்கும்வரை வழக்கு ஒத்திவைக்கப்படுகிறது. நான் சிரித்த சிரிப்பில் முன்வாங்கில் இருந்தவர் எழுந்து வேறிடம் போனார். கொட்டகைக்குள் வேறு சில கறுப்புக் குடைகளும் தெரிந்தன. நான் வம்புக்குப் போகாதவன். குடைப்பிடிகளை மட்டும் பார்த்து வைத்துக்கொண்டேன்.

பெரிய சனிக்கிழமையே அறிவித்தலைத் தொங்கவிட்டேன்: 'மூன்றும் முதல்தரம். காரியதரிசிக்கு விலா நொந்தது. தாராளமாகச் சிரிக்கலாம்.'

மறுநாள் பாஸ்குப் பூசை முடிந்ததும் சுவாமியாரின் பங்களாவில் கமிட்டி கூடியது. தலைவி செலீன் அக்கா, பொருளாளர் நவரத்தினம், நான். புதிதாகச் சேர்ந்த கொன்ஸ்ரன்ரைனும் வந்திருந்தான். அவனிடம் குறைசொல்ல ஒன்றுமே இல்லை. அதுதான் நான் அவனிடம் கண்ட குறை.

"ஸ்ரனிஸ்லாஸ் அண்ணை, இந்தப் படங்கள் நாளைக்குத்தானே இங்க வருது?" என்று கொன்ஸ்ரன்ரைன் என்னைக் கேட்டான்.

"ஓம் தம்பி."

"இதுக்கு முந்திப் பொரளையில மட்டும்தானே ஓடினது? அதுவும் தபசுகாலத்தில?"

"அது... ஓம்."

"அப்ப உங்கட விலா எங்க வைச்சு நொந்தது?"

சுவாமியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"தபசுகாலத்தில் சிரித்தவர் எவரும் இந்தக் கமிட்டியில் இருக்க முடியாது. காரியதரிசி, நீர் சிரித்தீரோ?"

பலகை, கையெழுத்து, நாற்பத்தொரு பேர் எல்லாம் கண்முன்னே வந்து நின்றன.

"போனது மெய், சுவாமி. உடம்பை வருத்துற ஒறுத்தலாத்தான் போனனான். ஒரு இடத்திலயும் சிரிப்பு வரேல்லை. விலா நொந்தது வாங்குக்குச் சாய்மானம் இல்லாததால."

"அவர் சொல்லுறது சத்தியம், சுவாமி," என்றார் செலீன் அக்கா. "அந்த மாமி பதினொரு சரணம் பாடேக்க நான் அழுதே போட்டன்."

"பதினொண்டு இல்லை அக்கா, பன்னிரண்டு," என்றார் நவரத்தினம். "கடைசிச் சரணத்திலதானே பெட்டி உடையுது."

கதவோரம் சாய்த்திருந்த இருவரின் கறுப்புக் குடைகளும் பொரளையில் நான் பிடி பார்த்து வைத்தவைதான்.

"நீர்?" என்றார் சுவாமியார் கொன்ஸ்ரன்ரைனைப் பார்த்து.

"நான் பாக்கேல்லை, சுவாமி. தபசுகாலம்தானே." எவ்வளவு கூச்சமில்லாமல் சொன்னான்!

சுவாமியார் கண்ணாடியைத் திரும்ப மாட்டினார். "நல்லது. இவற்றில் சிரிப்பே இல்லையென்று மூவரும் சாட்சி சொல்கிறீர்கள். நாளை மூவரும் முன்வரிசையில் இருங்கள். நானும் வருகிறேன். சிரிக்காதவர் பதவியில் நீடிக்கலாம்."

பாஸ்குத் திங்கள், கொட்டாஞ்சேனை முழுவதும் கொட்டகையில். எங்கள் முகம் தெரியத்தக்கதாகச் சுவாமியார் பக்கவாட்டில் கதிரை போட்டு அமர்ந்தார். மாமியார் பெட்டிமேல் ஏறினாள். சனம் வெடித்தது. செலீன் அக்கா முகம் துடைக்கும் கைலேஞ்சியில் பாதியை வாய்க்குள் திணித்துக்கொண்டார். நவரத்தினம் காலஞ்சென்ற உறவினரின் பெயர்களை ஒவ்வொன்றாக முணுமுணுத்தார். நான் எங்கள் கந்தோர் துரையின் முகத்தை நினைத்தேன். அவருடைய தலையிலும் காகம் முட்டையிட்டது. கண்ணில் நீர் வழிய, பல்லைக் கடித்துக்கொண்டு, அசையாமல் இருந்தேன்.

பக்கத்து வாங்குகளில் இருந்தவர்கள் மெல்ல மெல்லத் திரையை விட்டு எங்களைப் பார்க்கத் தொடங்கினார்கள். கொன்ஸ்ரன்ரைன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டான். சுவாமியாரின் அங்கி குலுங்கியது. அவர் படத்தைப் பார்க்கவேயில்லை.

நாங்கள் வென்றோம். மூவரில் ஒருவரும் சிரிக்கவில்லை. மூன்று பதவியும் தப்பின. அடுத்த ஞாயிறு புதிய அறிவித்தலைத் தொங்கவிட்டேன்: 'மறுபரிசீலனையில், மூன்று படங்களிலும் சிரிப்புக்கு இடமில்லை.'

பூசை முடிந்து வந்து பார்த்தால், அதன்கீழே கொன்ஸ்ரன்ரைனின் உருண்டை எழுத்தில், சுவாமியாரின் கையொப்பத்தோடு, இன்னொரு அபிப்பிராயம்:

'படங்கள் மூன்றும் நன்று. ஆயினும் முன்வரிசையில் இலவசமாகக் காட்டப்பட்ட நான்காவதற்கு அவை ஈடாகா. தாராளமாகச் சிரிக்கலாம்.'

ரசிகன் என்ற முறையில் அதில் ஒரு சொல்லைக்கூட என்னால் திருத்த முடியவில்லை. வழக்கம்போலத் தூணுக்குப் பின்னால் நின்று எண்ணினேன். நூற்றுப் பன்னிரண்டு பேர் வாசித்தார்கள். வாசித்த ஒவ்வொருவரும் திரும்பித் தூணைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள்.